பேல், நேபோ, தம்மூஸ்: எபிரேய வேதத்துக்குள் மெசொப்பொத்தேமியத் தெய்வங்கள் வந்த வழி

டிசம்பர் வந்தாலும் ஈஸ்டர் வந்தாலும் ஒரே கதை வெவ்வேறு தலைப்புகளில் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. நிம்ரோதின் மனைவி செமிராமிஸ், அவர்களுடைய மகன் தம்மூஸ், அவன் பிறந்த நாள் டிசம்பர் 25, ஈஸ்டர் என்பது இஷ்தார் தேவதையின் பெயர் என்றெல்லாம் அது சொல்கிறது. பார்ப்பவர்களில் ஒரு சாரார் பதறுகிறார்கள். மறு சாரார், பழைய ஏற்பாடு முழுவதுமே பாபிலோனில் இரவல் வாங்கியது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தம்மூஸ், பேல், நேபோ, நெர்கால் ஆகிய பெயர்கள் வேதத்தில் எந்த இடத்தில், எந்தச் சூழலில் வருகின்றன என்று இரு தரப்பும் தேடிப் பார்ப்பதில்லை. தேடினால் ஒன்று பளிச்சென்று தெரியும்: இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை அசீரிய, பாபிலோனியப் படைகள் நடந்த பாதையில்தான் வேதத்துக்குள் நுழைந்திருக்கின்றன. அந்தப் பாதையைத் தெரிந்துகொள்ளாமல் வசனங்களை மட்டும் வாசித்தால் குழப்பமே மிஞ்சும்.

முதலில் தெரிய வேண்டியவை

மெசொப்பொத்தேமியா என்பது டைகிரிஸ், யூப்ரடிஸ் ஆறுகளைச் சார்ந்த நிலப்பரப்பு. பெரும்பகுதி இன்றைய ஈராக். அதன் தெற்கே சுமேரியர் எழுதிவைத்த தெய்வப் பெயர்களுக்கு, பின்னர் ஓங்கிய அக்காதிய மொழியில் வேறு பெயர்கள் வழங்கின. சுமேரியரின் இனான்னா அக்காதியரின் இஷ்தார், துமுசி தம்மூஸ், நன்னா என்ற நிலாத் தெய்வம் சின், உது என்ற சூரியத் தெய்வம் ஷமாஷ். களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தில் பதிந்த நூல்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருப்பதால், இத்தெய்வங்களைப் பற்றி அவர்களை வணங்கியவர்களின் வாயாலேயே கேட்க முடிகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த வசதி யாருக்கும் இல்லை. அதற்கு முன் எழுதப்பட்ட விளக்கங்களை இன்றும் அப்படியே பகிர்வதால் வரும் கோளாறுகள் பல.

வேத வசனங்களைப் புரிந்துகொள்ள இரண்டு செய்திகள் இன்றியமையாதவை.

1. ஒவ்வொரு நகரமும் ஒரு தெய்வத்தின் சொத்து. பாபிலோன் மார்துக்கின் நகரம். அதன் கோவில் எசகிலா. அருகிலிருந்த போர்சிப்பா, மார்துக்கின் மகனும் எழுத்தர்களின் தெய்வமுமான நாபுவின் நகரம். அதன் கோவில் எசிதா. நகரம் உயர்ந்தால் தெய்வமும் உயரும். கி.மு. 18ஆம் நூற்றாண்டில் ஹம்முராபி பாபிலோனைப் பேரரசாக்கியபின் மார்துக்கின் ஏற்றம் தொடங்கியது. பின்னர் ஏழு பலகைகளில் எழுதப்பட்ட படைப்புக் காவியம், ஆதிக் கடலான தியாமத்தை வென்ற அவரைத் தெய்வங்களின் அரசராக்கி ஐம்பது பெயர்களைச் சூட்டியது. ‘ஆண்டவர்’ என்ற பொருளில் அவரைப் பேல் என்றும் அழைத்தார்கள். நம் வேதாகமத்தில் வரும் பேலும் மெரொதாக்கும் இந்த ஒருவரே. நேபோ என்பது நாபு.

2. கோவிலில் இருந்த உருவத்தை ஓர் அடையாளமாக மட்டும் அவர்கள் கருதவில்லை. அதற்கு வேளை தவறாமல் உணவு படைத்தார்கள், உடை மாற்றினார்கள், விழாவில் பவனி கொண்டுபோனார்கள். எதிரி நகரைப் பிடித்தால் உருவத்தையும் தூக்கிச் செல்வான். தெய்வமே கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டது என்பதே அதற்கு அவர்கள் கண்ட பொருள். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஏலாமியர் கொண்டுபோன மார்துக்கின் உருவத்தை முதலாம் நேபுகாத்நேச்சார் மீட்டு வந்தார். அசீரிய அரசர் மூன்றாம் திக்லாத்பிலேசரின் நிம்ருத் நகர அரண்மனைச் சிற்பம் ஒன்றில், அசீரியச் சிப்பாய்கள் பிடிபட்ட நகரத்தின் தெய்வ உருவங்களைத் தோளில் சுமந்து வரிசையாக நடப்பதை இன்றும் பார்க்கலாம்.

நான்கு அதிர்ச்சிகள்

வேதத்தில் இப்பெயர்கள் எங்கும் சீராகச் சிதறிக் கிடக்கவில்லை. பெரும்பாலும் நான்கு நிகழ்வுகளைச் சுற்றியே குவிகின்றன.

1. கி.மு. 722 வாக்கில் அசீரியா வட நாடான இஸ்ரவேலின் தலைநகர் சமாரியாவை வீழ்த்தியது.
2. கி.மு. 701இல் அசீரிய அரசர் சனகெரிப் யூதாவுக்குள் படையெடுத்தார், எருசலேம் தப்பியது.
3. கி.மு. 597இலும் 586 வாக்கிலும் பாபிலோனின் இரண்டாம் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தார். இரண்டாவது முறை ஆலயம் எரிந்தது.
4. கி.மு. 539இல் பாரசீகரான கோரேசு (சைரஸ்) பாபிலோனைக் கைப்பற்றினார்.

இந்த வரிசையோடு ஒரு விந்தையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அசீரியாவின் தலைமைத் தெய்வம் அசூர். அந்தப் பேரரசிடம் அவ்வளவு அடிவாங்கிய மக்களின் வேதத்தில் ‘அசூர்’ என்றால் நாடும் மக்களும்தான். தெய்வத்தின் பெயராக அது ஓரிடத்திலும் வருவதில்லை. எசரத்தோன் போன்ற ஆள்பெயருக்குள் மட்டும் ஒளிந்திருக்கிறது. ஆகவே வேதம் தருவது அண்டை நாட்டுத் தெய்வங்களின் முழுப் பட்டியல் என்று எண்ணிவிடக் கூடாது.

சமாரியாவில் நெர்கால்

சமாரியாவிலிருந்து 27,290 பேரை நாடு கடத்தியதாக அசீரிய அரசர் இரண்டாம் சர்கோனின் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. போனவர்களின் இடத்தில் வேறு ஊர்க்காரர்களைக் கொண்டுவந்து குடியேற்றுவது அசீரிய வழக்கம். இரண்டாம் இராஜாக்கள் 17ஆம் அதிகாரம் அந்தக் குடியேறிகளையும் அவர்கள் கூடவே கொண்டுவந்த தெய்வங்களையும் ஊர்வாரியாக அடுக்குகிறது. கூத் என்ற ஊரார் நெர்காலை உண்டாக்கினார்கள் என்கிறது.

இந்தக் குறிப்பு அச்சாகப் பொருந்துகிறது. கூத் என்பது பாபிலோனுக்கு வடகிழக்கே இருந்த கூத்தா. பாதாள உலகுக்கும் கொள்ளைநோய்க்கும் போருக்கும் அதிபதியான நெர்காலின் தலைமைக் கோவில் அங்கேதான் இருந்தது. எந்த ஊருக்கு எந்தத் தெய்வம் என்பது இந்தப் பகுதியை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. பட்டியலில் உள்ள மற்றவை இவ்வளவு தெளிவாக இல்லை. சுக்கோத்பெனோத் யார் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. ஆமாத்தாரின் அசிமா சிரியாவைச் சேர்ந்த தெய்வம். இவை எல்லாவற்றையும் ‘பாபிலோனியத் தெய்வங்கள்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது தவறு.

சமாரியா விழுவதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன் பேசிய ஆமோசிடமும் ஒரு குறிப்பு உண்டு. ஆமோஸ் 5:26இல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கீயூன் என்று எழுதும் பெயர், சனிக்கோளுக்கான அக்காதியப் பெயரே என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. விண்மீன் வழிபாடு படைகளுக்கு முன்னதாகவே வணிகர்களோடு எட்டியிருக்கலாம்.

கோவிலில் கொல்லப்பட்ட அரசர்

சனகெரிப் நினிவேயில் நிஸ்ரோக்கின் கோவிலில் பணிந்துகொண்டிருந்தபோது அவருடைய மகன்கள் அத்ரமலேக்கும் சரேத்சேரும் அவரை வெட்டிக் கொன்றதாக இரண்டாம் இராஜாக்கள் 19:37 கூறுகிறது. கொலை நடந்தது கி.மு. 681இல். ஓர் அசீரியக் கடிதத்தை 1980இல் ஆராய்ந்த ஆப்பெழுத்து அறிஞர் சிமோ பர்போலா, சதியின் தலைவன் அர்தா-முலிஸ்ஸு என்ற மகனே என்று காட்டினார். அத்ரமலேக் என்பது அந்தப் பெயரின் எபிரேயத் திரிபு.

ஆனால் நிஸ்ரோக் என்ற பெயரில் ஒரு தெய்வம் இதுவரை எந்த ஆப்பெழுத்துப் பலகையிலும் தென்படவில்லை. நுஸ்கு, நினுர்த்தா போன்ற வேறொரு தெய்வத்தின் பெயர் எழுத்துப்படியில் சிதைந்திருக்கலாம் என்பார்கள். கழுகுத் தலையும் இறக்கையும் கொண்ட அசீரியச் சிற்பத்தைக் காட்டி ‘இதுதான் நிஸ்ரோக்’ என்று இணையத்தில் போடுகிறார்களே, அது நிம்ருத்தைத் தோண்டிய காலத்தில் ஒட்டிய பெயர். அந்த உருவம் அரண்மனையைக் காக்கும் அப்கல்லு என்ற ஞானக் காவலர்.

எருசலேமின் பெண்கள்: தம்மூசும் வானராக்கினியும்

எசேக்கியேல் எருசலேம் ஆலயத்தைக் காட்சியில் கண்டது சிறையிருப்பின் ஆறாம் ஆண்டு, அதாவது கி.மு. 592. அவர் அப்போது பாபிலோனிய மண்ணில், கேபார் கால்வாய்க் கரையில் குடியமர்த்தப்பட்டவர்களோடு இருந்தார். ஆலயத்தின் வடக்கு வாசலில் பெண்கள் உட்கார்ந்து தம்மூசுக்காக அழுவதாக 8:14 சொல்கிறது. வேதம் முழுவதிலும் தம்மூசின் பெயர் வரும் ஒரே இடம் இதுதான்.

அந்த அழுகை எதற்கு? சுமேரியக் கவிதையில் இனான்னா பாதாளத்துக்குப் போய் அங்கே மாண்டுபோகிறாள். அவளை மீட்டு அனுப்பும்போது, பதிலுக்கு ஓர் ஆளைத் தர வேண்டும் என்று நிபந்தனை. திரும்பி வரும் வழியில், தனக்காகக் கந்தை உடுத்திப் புழுதியில் கிடப்பவர்களைப் பார்க்கிறாள், அவர்களை விட்டுவிடுகிறாள். அவளுடைய கணவன் துமுசி மட்டும் நல்ல உடையில் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறான். அவனைப் பிடித்துக்கொடுக்கிறாள். பின்னர் அவனும் அவன் சகோதரி கெஷ்தினான்னாவும் பாதி ஆண்டு வீதம் பாதாளத்தில் இருப்பது என்று ஏற்பாடாகிறது. துமுசி இடையர்களின் தெய்வம். வெயில் ஏறிப் புல் கருகும் ஜூன்–ஜூலை மாதத்துக்கு அவன் பெயரையே வைத்து, அப்போது பெண்கள் ஒப்பாரி பாடினார்கள். யூத நாட்காட்டியில் நான்காம் மாதம் இன்றும் தம்மூஸ்தான். ஈராக்கில் ஜூலைக்குப் பெயர் தம்மூஸ். கணவனுக்காகவும் மகனுக்காகவும் அழுத பெண்களுக்கு இந்தச் சடங்கு எவ்வளவு நெருக்கமாக இருந்திருக்கும் என்பதை எசேக்கியேலின் கண்டனத்தை மட்டும் படித்தால் உணர முடியாது.

இப்போது அந்த வாட்ஸ்அப் கதையை உரசிப் பார்க்கலாம்.

1. பலகைகளில் இனான்னா துமுசியின் மனைவி, தாயல்ல. அவனுடைய தாயாகச் சொல்லப்படுபவள் துத்தூர்.
2. அவன் பிறந்த தேதி என்று டிசம்பர் 25ஐ எந்த மெசொப்பொத்தேமிய நூலும் சொல்லவில்லை.
3. செமிராமிஸ் என்று கிரேக்கர் கதை கட்டியது ஷம்மு-ராமத் என்ற அசீரிய அரசியைச் சுற்றி. அவர் கி.மு. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்தவர். ஐந்தாம் ஷம்ஷி-அதாதின் மனைவி. ஆதியாகமம் 10ஆம் அதிகாரம் நிம்ரோதுக்கு மனைவி என்று யாரையும் குறிப்பிடவில்லை.
4. மூவரையும் ஒரே குடும்பமாக்கியது 19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் கத்தோலிக்கத் திருச்சபைக்கு எதிராக எழுந்த ஒரு பிரசுரம்.
5. ஈஸ்டர் என்ற ஆங்கிலப் பெயர் ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. இஷ்தாரோடு இருப்பது ஒலி ஒப்புமை மட்டுமே.

இஷ்தாரின் தடத்தை உண்மையாகவே தேடுபவர்கள் எரேமியா 7, 44 அதிகாரங்களைப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் விறகு பொறுக்குகிறார்கள், தகப்பன்மார் நெருப்பு மூட்டுகிறார்கள், பெண்கள் மாவு பிசைகிறார்கள். வானராக்கினிக்குப் பணியாரம் தயாராகிறது. குடும்பமே கூடிச் செய்யும் வழிபாடு இது. அந்தப் பணியாரத்துக்கு எரேமியா சொல்லும் பெயர், இஷ்தார் வழிபாட்டில் படைத்த இனிப்பு அப்பத்தின் அக்காதியப் பெயரோடு ஒத்துப்போகிறது. வானராக்கினி முழுக்க இஷ்தாரா, கானானிய அஸ்தரோத்தும் அவளில் கலந்திருக்கிறாளா என்ற விவாதம் நடக்கிறது. கலப்பு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

எருசலேம் அழிந்தபின் எகிப்துக்கு ஓடிய மக்கள் எரேமியாவுக்குச் சொன்ன பதில் 44ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வானராக்கினிக்குத் தூபம் காட்டியபோது அப்பத்துக்குக் குறைவில்லை, நிறுத்திய நாளிலிருந்துதான் பட்டினியும் வாளும் எங்களைத் தின்றன என்கிறார்கள். எங்கள் கணவர்களுக்குத் தெரியாமலா செய்தோம் என்று பெண்கள் கேட்கிறார்கள். தன் எதிராளிகளின் வாதத்தை இவ்வளவு நேர்மையாகப் பதிவு செய்த பகுதிகள் பண்டைய நூல்களில் குறைவு.

பேல் பணிகிறது, நேபோ குனிகிறது

இப்பெயர்களில் மிக ஆழமாகப் படிக்க வேண்டியது ஏசாயா 46. பேலும் நேபோவும் குனிந்து சரிய, அவற்றின் உருவங்கள் களைத்த மிருகங்களின் முதுகில் சுமையாக ஏறுகின்றன என்பது அதன் முதல் காட்சி. ஏன் இந்த இருவர் மட்டும் சேர்ந்து வருகிறார்கள்?

விடை பாபிலோனின் புத்தாண்டு விழாவான அகீத்துவில் இருக்கிறது. நிசான் மாதத்தில் பல நாட்கள் நடக்கும் இவ்விழாவின் நான்காம் நாளில் மார்துக்கின் முன் படைப்புக் காவியம் ஓதப்படும். நாபு போர்சிப்பாவிலிருந்து படகில் வந்து சேர்வார். அரசரின் செங்கோலையும் முடியையும் கழற்றிவிட்டுத் தலைமைப் பூசாரி அவர் கன்னத்தில் அறைவார்; அரசரின் கண்ணில் நீர் வந்தால் பேல் மகிழ்ந்தார் என்று பொருள். பிறகு தந்தையும் மகனும் பெருந்தெருவில் பவனி வருவார்கள். நாடு கடத்தப்பட்ட யூதர்கள் வாழ்ந்த நாட்டின் மிகப் பெரிய காட்சி அது. அதே இரண்டு உருவங்களை, அகதிகளின் மூட்டைகளைப் போல மிருகத்தின் முதுகில் ஏற்றிக் காட்டுகிறார் தீர்க்கதரிசி. உடனே அடுத்த வசனங்களில், கருவிலிருந்து நரை வரை உங்களைச் சுமப்பவர் நான் என்று இஸ்ரவேலின் தேவன் பேசுகிறார். சுமக்கப்பட வேண்டிய தெய்வங்கள் ஒரு பக்கம், சுமக்கும் தேவன் மறு பக்கம். அகீத்து தெரியாதவருக்கு இந்த எதிர்நிலையின் கூர்மை பாதிதான் எட்டும்.

பாபிலோனின் கடைசி அரசர் நபோனிதுஸ் சின் தெய்வத்தின் தீவிர பக்தர். பத்து ஆண்டுகள் அரேபியாவின் தெய்மாவில் தங்கிவிட்டார். அரசர் இல்லாததால் அகீத்து நடக்கவில்லை என்று, பலகையில் எழுதிய ஆண்டுக் குறிப்பான பாபிலோனிய நாளாகமம் ஆண்டுதோறும் குறிக்கிறது. கி.மு. 539இல் பாரசீகப் படை நெருங்கியபோது கீஷ், மராத் முதலிய ஊர்களின் தெய்வ உருவங்களைப் பாதுகாப்புக்காகத் தலைநகருக்குள் கொண்டுவந்தார்கள். போர்சிப்பா, கூத்தா, சிப்பார் ஊர்த் தெய்வங்கள் வரவில்லை என்றும் அதே நாளாகமம் சொல்கிறது. உருவங்கள் வண்டியேறி அலைந்தது அந்தத் தலைமுறை கண்ணால் கண்ட செய்தி.

ஆனால் நகரம் விழுந்தபோது மார்துக் சரியவில்லை. எசகிலாவில் சடங்குகள் தடைபடவில்லை. கோரேசின் பெயரில் எழுதிய களிமண் உருளை (1879இல் பாபிலோனில் கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது), மார்துக்கே நேர்மையான அரசனைத் தேடி, கோரேசின் கையைப் பிடித்து, பெயர் சொல்லி அழைத்தார் என்கிறது. ஏசாயா 45இல் கோரேசின் வலது கையைப் பிடித்துப் பெயர் சொல்லி அழைப்பவர் இஸ்ரவேலின் தேவன். ஒரே வெற்றி, ஒரே சொல்முறை, உரிமை கோரும் தெய்வம்தான் வேறு. ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதியது என்பதற்குச் சான்று இல்லை. பாபிலோனின் அரசவை மொழியை நன்கறிந்த ஒருவர், அந்த மொழியிலேயே அதற்கு மறுமொழி சொல்லியிருக்கிறார் என்பதே என் வாசிப்பு. நாபு வழிபாடும் உடனே முடிந்துவிடவில்லை: கி.மு. 268இல்கூட கிரேக்க அரசர் முதலாம் அந்தியோக்கஸ் எசிதாவைப் புதுப்பித்து, நாபுவை வேண்டும் உருளை ஒன்றை அங்கே புதைத்தார். ஏசாயா 46ஐ 539ஆம் ஆண்டின் செய்தி அறிக்கையாக வாசிப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அதை ஒரு நம்பிக்கை அறைகூவலாக வாசிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஆள்பெயர்களில் தெய்வங்கள்

கோவில்களைவிட ஆள்பெயர்களில்தான் இத்தெய்வங்கள் அதிகமாக வேதத்துக்குள் வந்திருக்கின்றன. நேபுகாத்நேச்சாரில் நாபு, மெரொதாக்பலாதானிலும் ஏவில்மெரொதாக்கிலும் மார்துக், சனகெரிப்பிலும் சன்பல்லாத்திலும் சின், பெல்ஷாத்சாரில் பேல். நிலாத் தெய்வமான சின்னின் பெயர் தெய்வமாக வேதத்தில் வருவதே இல்லை. ஆபிரகாமின் பயணம் தொடங்கிய ‘ஊர்’ என்ற நகரமும், இடையில் தங்கிய ஆரானும் அந்தத் தெய்வத்தின் இரு பெரிய நகரங்கள் என்பதையும் வேதம் எடுத்துச் சொல்வதில்லை.

ஒரு பெயரை மட்டும் அருகில் பார்ப்போம். எருசலேம் மதில் உடைந்ததும் நடுவாசலில் வந்து உட்கார்ந்த பாபிலோனியப் பிரபுக்களை எரேமியா 39:3 பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் சம்கார்நேபோ, சர்சேகிம், ரப்சாரீஸ் என்பவை பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் மூன்று பெயர்களாக நிற்கின்றன. 2007இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மிகாயேல் யுர்சா என்ற ஆப்பெழுத்து அறிஞர் ஒரு சிறிய பலகையைப் படித்தார். நேபுகாத்நேச்சாரின் பத்தாம் ஆண்டில், கி.மு. 595இல், தலைமை அரண்மனை அதிகாரி நபு-சர்ருஸ்ஸு-உகின் ஒன்றரை மினா தங்கத்தை, அதாவது சுமார் 750 கிராமை, எசகிலாவுக்கு அனுப்பிய ரசீது அது. ‘ரப்சாரீஸ்’ என்பது அந்த அதிகாரியின் பதவி. ‘நேபோ’ முந்தைய சொல்லோடு சேராமல் ‘சர்சேகிம்’ என்பதோடு சேர வேண்டும் என்பது இதனால் உறுதிப்பட்டது. நாபுவின் பெயர் தாங்கிய ஒருவர் மார்துக்கின் கோவிலுக்குத் தங்கம் கொடுத்து, சில ஆண்டுகளில் எருசலேமின் வாசலில் அமர்ந்திருக்கிறார்.

ஆனால் பெயரை வைத்து ஒருவரின் வழிபாட்டை அளந்துவிட முடியாது. மொர்தெகாய் என்ற பெயரில் மார்துக் இருக்கிறார். எஸ்தர் புத்தகத்தில் அவர் யூதர்களின் பாதுகாவலர். ஆபேத்நேகோ என்பது ‘நாபுவின் ஊழியன்’ என்ற பெயரின் திரிபு; தானியேல் 3இல் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்குள் போகிறவர் அவர். ஆலயப் பாத்திரங்களை எருசலேமுக்குத் திருப்பிக் கொண்டுவந்த சேஸ்பாத்சார், ஆலயத்தை மீண்டும் எழுப்பிய செருபாபேல் இருவருக்கும் இருப்பவை பாபிலோனியப் பெயர்களே. நாடு கடத்தப்பட்ட யூதர்களின் குடியிருப்பான அல்-யாஹுதுவின் பலகைகளில் ஒரே மனிதர் ஓரிடத்தில் பேல்-சர்-உசுர் என்றும், மற்றோரிடத்தில் யாஹு-சர்-உசுர் என்றும் பதிவாகியிருக்கிறார். அரசரைக் காக்கும்படி முதற்பெயர் பேலையும் இரண்டாம் பெயர் இஸ்ரவேலின் தேவனான யாவேயையும் வேண்டுகிறது. வீட்டில் ஒரு பெயர், எழுத்தர் முன் ஒரு பெயர் என்று அந்நிய அரசின்கீழ் வாழ்ந்தவர்கள் நடந்துகொண்ட விதம் அது.